கடலை மிட்டாயிலும் இருக்கும் அந்த 14 இலக்க எண்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி

மதிப்புக்குரிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் பத்தொன்பது வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் படித்தவன். சின்னக் கடைதான். காலை எட்டரைக்குத் திறந்தால் இரவு பத்து வரை கவுன்ட்டரில் நானே நிற்பேன். எங்கள் பகுதி ஆட்கள் எதை வாங்குகிறார்கள், எதை நம்பி வாங்குகிறார்கள் என்பது ஓரளவு தெரியும். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

போன வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஒரு பெண் கடைக்கு வந்தார். பக்கத்துத் தெரு, தனியார் பள்ளியில் ஆசிரியை. தங்கைக்குக் கல்யாணம், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. போனில் ஒரு டப்பாவின் படத்தைக் காட்டி, "அண்ணே, இது இருக்கா?" என்றார். அறுபது காப்ஸ்யூல், 1,499 ரூபாய். 30 நாளில் 10 கிலோ குறையும் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. "இதுல என்ன இருக்குன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன். அவர் படத்தை விரலால் பெரிதாக்கி, மூலையில் இருந்த உங்கள் சின்னத்தையும் அதன் கீழே இருந்த எண்ணையும் காட்டினார். "கவர்மென்ட்டு நம்பர் போட்டிருக்கேண்ணே. பாக்காமயா நம்பர் குடுத்திருப்பாங்க?"

கவுன்ட்டரில் கோவில்பட்டி கடலை மிட்டாய் பாக்கெட் இருந்தது. அதைத் திருப்பிக் காட்டினேன். அதிலும் அதே சின்னம், அதே மாதிரி 14 இலக்கம். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இதுவும் அதுவும் ஒண்ணாண்ணே?"

அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட வேண்டியது. நான் தெரிந்த வரைக்கும் சொன்னேன். முதல் இலக்கம் இது உரிமமா, பதிவா என்று சொல்லும். அடுத்த இரண்டு மாநிலத்தை, அதற்கடுத்த இரண்டு வருடத்தைக் குறிக்கும். மீதியை வைத்து எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்கலாம். உணவுப் பொருள் தயாரிக்கவோ விற்கவோ இந்த ஆளுக்கு அனுமதி உண்டு என்பதுதான் அந்த எண்ணின் பொருள். உள்ளே இருப்பதைச் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஆனால் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதை ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி, டாக்டர் கையெழுத்து மாதிரி பார்க்கிறார்கள். விற்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் விளம்பரப் படத்தில் சின்னம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

அன்றைக்கு ஒரு பில்லின் பின்பக்கத்தில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 2,500-க்கும் மேல். நாள் முழுக்க நின்று பாடம் நடத்தி, வீட்டு வேலையையும் பார்க்கிற அவர் உடம்பு மொத்தமாகச் செலவழிப்பதே 2,000 பக்கம்தான். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தாலும் கணக்கு உதைக்கிறது. ஒரு காப்ஸ்யூல் இதை எப்படி நேராக்கும்?

"ஆனா எங்க டீச்சர் ஒருத்தங்களுக்கு முத வாரமே மூணு கிலோ குறைஞ்சுச்சுண்ணே" என்றார். அது பொய்யாக இருக்காது. சோறு, இட்லி, இனிப்பை நிறுத்தினால் முதலில் தீர்வது கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு. அது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் தீர்ந்தால் அந்தத் தண்ணீரும் வெளியேறும், எடை மிஷினில் முள் இறங்கும். கொழுப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் வாரத்துப் படத்தை மட்டும் போட்டு விற்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

அந்த டப்பாவில் இருப்பது கார்சீனியா. அதாவது குடம்புளி. கேரளத்து மீன் கறியிலும் நாகர்கோவில் பக்கத்துக் குழம்பிலும் போடுகிற அதே குடம்புளி. அதன் தோலில் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் இருக்கிறது. உடம்பில் கொழுப்பு உருவாகும் வழியில் வேலை செய்கிற ஒரு நொதியை அது தடுக்கும் என்று எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். சரி, மனிதரிடம்? 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு அதைத்தான் சோதித்தது. 135 பேர், 12 வாரம். பாதிப் பேருக்குக் குடம்புளிச் சாறு, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த சாப்பாடு. குடம்புளி எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ. புள்ளியியல்படி இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆக இரண்டு பக்கமும் எடையைக் குறைத்தது சாப்பாடு.

இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை ஒழுங்காகப் பார்த்தேன். காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கப் சோறு, இரண்டு கப் காய். இரவு ஏழு மணிக்கு முன்னால் சாப்பாடு. சர்க்கரை, மைதா, பலகாரம் கிடையாது. 45 நிமிடம் நடை. கடைசி வரியில்தான் காப்ஸ்யூல். அந்தத் தாளை மட்டும் ஒருவர் மூன்று மாதம் கடைப்பிடித்தால் இளைப்பார். வேலை செய்வது தாள், பெயர் வாங்குவது காப்ஸ்யூல், பணம் வாங்குவது கம்பெனி.

நானும் இதை விற்றேன். ஒளிக்க விரும்பவில்லை. விலைக் கட்டுப்பாட்டில் வரும் மருந்துகளுக்குக் கடைக்காரர் லாபம் 16 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். இந்த டப்பாக்களில் எனக்கு நாற்பது, சில சமயம் ஐம்பது சதவீதம் கூடக் கிடைத்தது. வாடகையும் கரன்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகும்போது ஒரு கடைக்காரருக்கு அந்த ஐம்பது எப்படித் தெரியும் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, அதாவது ரெப், வந்து அலமாரியில் கண்மட்டத்துக்கு அடுக்கி வைத்துவிட்டுப் போவார். "ஆதாரம் ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டால் பளபளப்பான ஒரு நோட்டீஸைக் கொடுப்பார். அதில் 'மருத்துவரீதியாக நிரூபிக்கப்பட்டது' என்று இருக்கும். எந்த மருத்துவர், எத்தனை பேரிடம், எங்கே என்று இருக்காது.

'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பச்சைக் காபிக்கொட்டைக் கதை ஒன்றே போதும். அது நம் பெங்களூரில் ஆரம்பித்த கதை. அங்கே 16 பேரை வைத்து நடந்த சோதனையில், 22 வாரத்தில் சராசரியாக 8 கிலோ குறைந்ததாக 2012-இல் கட்டுரை வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்டர் ஓஸ் அந்தக் கொட்டையைத் தூக்கிப் பிடித்தார், பாக்கெட்டுகள் பறந்தன. பிறகு அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரித்தது. சோதனை நடத்தியவர் எடை அளவுகளைத் திரும்பத் திரும்ப மாற்றினார், யாருக்கு வெற்று மாத்திரை போனது என்பதையே தப்பாகச் சொன்னார் என்று அது குற்றம் சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த கம்பெனி 2014 செப்டம்பரில் 35 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அடுத்த மாதம் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அதே பச்சைக் காபி இன்றும் நம் ஊர் ஆன்லைன் கடைகளில் எடைக் குறைப்புக்கு என்று விற்கிறது, உங்கள் எண்ணோடு.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரியில்லை. கிரீன் டீ குடிப்பது வேறு, அதைச் சுண்டவைத்துக் காப்ஸ்யூலில் அடைப்பது வேறு. கிரீன் டீயின் இஜிசிஜி என்ற பொருளை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் துணை உணவாக எடுத்தவர்களில் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. அதற்கு முன்பே, 2009-இல், ஹைட்ராக்ஸிகட் என்ற பேர்போன எடைக் குறைப்புப் பொருளை உடனே நிறுத்தச் சொல்லி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. கடுமையான கல்லீரல் பாதிப்பு பற்றி 23 புகார்கள் வந்திருந்தன, ஒருவர் இறந்திருந்தார்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, டப்பாவில் எழுதாமல் உள்ளே கலப்பது. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து முன்பு என் கடையிலும் இருந்தது. இதய நோய் ஆபத்து உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்ததும் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தினார்கள். 2011 தொடக்கத்தில் இந்தியாவும் தடை செய்தது. கடைகளில் இருந்த ஸ்ட்ரிப்புகளைத் திருப்பி அனுப்பினோம். ஆனால் அது உலகத்தை விட்டுப் போய்விடவில்லை, 'மூலிகை' என்ற பெயரில் திரும்பி வந்தது. 2007 முதல் 2016 வரை எஃப்டிஏ கண்டுபிடித்த கலப்படத் துணை உணவுகளில் 317 எடைக் குறைப்புக்கானவை. அவற்றில் 269-இல் சிபுட்ரமின் இருந்தது. இது அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டில் இப்படி ஒரு பட்டியல் என் கண்ணில் பட்டதே இல்லை.

என் சித்தி மகள் கோவையில் இருக்கிறாள், வயது 29. இன்ஸ்டாகிராமில் ஒரு பொடி வாங்கினாள். 'நூறு சதவீதம் மூலிகை'. இரண்டு வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. "அண்ணா, பசியே எடுக்கல, சூப்பரா இருக்கு" என்று போனில் சொன்னாள். இரவு தூக்கம் இல்லை, வாய் வறண்டு போகிறது, மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்பதை நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். பக்கத்துக் கிளினிக்கில் பிரஷர் பார்க்கச் சொன்னேன். 160-க்கு 100. டாக்டர் பொடியை நிறுத்தச் சொன்னார். பத்து நாளில் பிரஷர் இறங்கியது, பசியும் வந்தது, எடையும் வந்தது. அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதிக்கலாம் என்று உங்கள் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. மீதிப் பொடியை வைத்துக்கொண்டு எங்கே கொடுப்பது, எவ்வளவு கட்டுவது, மறைத்துக் கலந்த மருந்தைத் தேடிப் பார்ப்பார்களா என்று விசாரித்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு மருந்தாளுநருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

சட்டத்தில் எங்கே ஓட்டை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமன் இருக்கிறது. அதைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்தக் கூடாது. ஆனால் காப்ஸ்யூலை உணவு என்று பதிவு செய்துவிட்டால், அந்தச் சட்டம் தன்னைத் தொடாது என்ற தைரியம் விற்பவருக்கு வந்துவிடுகிறது. உங்கள் சட்டத்தின் 53-ஆவது பிரிவு ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது. 2018-இல் நீங்கள் கொண்டுவந்த விளம்பர விதிகள், சொல்லும் பலனுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்கின்றன. நல்லது. அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது? டப்பாவில் இல்லை. வாங்குபவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் எங்கும் இல்லை.

எடை குறைக்க நினைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்க என் கடைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் ஐந்து கிலோ குறைந்தாலே தேறுவார்கள். அவர்கள் ஆசை நியாயமானது. அந்த ஆசைக்குக் கிடைக்கிற பதில்தான் இவ்வளவு மோசமாக இருக்கிறது.

டயட் விஷயத்திலும் பாருங்கள். ஒருவர் பேலியோ என்று காலையில் நூறு பாதாம் எண்ணிச் சாப்பிடுகிறார், இன்னொருவர் எண்ணெயே தொடுவதில்லை. இரண்டு பேரும் சோற்றை எதிரியாகப் பார்க்கிறார்கள், இரண்டு பேருமே கொஞ்ச நாள் இளைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு வருடம் பார்த்தார்கள், 2018-இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. எதை விலக்கினாலும் மொத்தத்தில் குறைவாகச் சாப்பிட்டால் எடை குறைகிறது, அதை எத்தனை மாதம் தொடர முடிகிறது என்பதில்தான் சூட்சுமம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் ஊரில் சொல்வார்கள். கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் நல்ல சாப்பாடு. புரதம் உண்டு, நார் உண்டு, வயிறு நிறையும். அதே கொள்ளைப் பொடியாக்கி 'ஃபேட் கட்டர்' என்று ஒட்டி எழுநூறு ரூபாய்க்கு விற்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது ஊசி கேட்டும் வருகிறார்கள். செமாக்ளூடைடு எடைக் குறைப்பு ஊசி 2025 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதைப் பற்றி எனக்குத் தனிக் கவலைகள் உண்டு, ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1,961 பேரிடம் 68 வாரம் சோதித்து, ஊசி போட்டவர்கள் எடையில் 14.9 சதவீதம் குறைந்தார்கள், வெற்று ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம் என்று காட்டியிருக்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு எத்தனை பேருக்கு வந்தது என்பதும் வெளியே இருக்கிறது. நிறுத்திய பிறகு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்பதையும் மறைக்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் நான் அதைக் கொடுக்க முடியாது. ஆதாரம் என்றால் எப்படி இருக்கும் என்று என் அலமாரியின் ஒரு தட்டு காட்டுகிறது. அடுத்த தட்டில் இருக்கும் டப்பா 'நிரூபிக்கப்பட்டது' என்கிறது. இரண்டையும் பார்க்கும் ஆசிரியைக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

உங்களால் முடியும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பேதியாகும்போது கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் விஷயத்தில் செய்து காட்டினீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு ஒத்துவராத சர்க்கரைப் பானங்கள் பெட்டியில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொண்டு பல வருடம் விற்றன. பேதியாகும் குழந்தைக்கு அதை வாங்கிப் போன தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் நீங்கள் உத்தரவு போட்டீர்கள்: பெயரின் முன்னாலோ பின்னாலோ ஒட்டியும் அந்தச் சொல் வரக் கூடாது என்று. எங்கள் தட்டிலிருந்து அந்தப் பெட்டிகள் இறங்கின. ஒரு சொல்லைப் பெட்டியிலிருந்து எடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கடையில் நின்று கண்ணால் பார்த்தேன்.

அதையே இங்கேயும் செய்யுங்கள். 'ஸ்லிம்', 'ஃபேட் பர்னர்', 'ஃபேட் கட்டர்', 'வெயிட் லாஸ்' என்ற சொற்கள் பொருளின் பெயரில் வர வேண்டுமானால், மனிதரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வை முதலில் உங்களிடம் கொடுக்கட்டும். நீங்கள் அதை உங்கள் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கப் போடுங்கள். கொடுக்காதவர்கள் குடம்புளிச் சாறு என்று பெயர் வைத்து விற்கட்டும், யாரும் தடுக்கவில்லை. அப்புறம், உங்கள் எண்ணுக்குப் பக்கத்திலேயே, 'இது தொழில் உரிம எண், பலனுக்குச் சான்று அல்ல' என்று அந்தந்த மாநில மொழியில், படிக்கிற அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு வரி தமிழில் இருந்தால் போதும்.

கலப்படத்துக்குச் சோதனை ஒன்றுதான் வழி. கிண்டியிலும் மதுரையிலும் மற்ற ஊர்களிலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கடைகளிலும் ஆன்லைனிலும் எடைக் குறைப்புப் பொருள்களை வாங்கி, சிபுட்ரமின் போன்ற மறைந்த மருந்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முடிவைப் பொருளின் பெயரோடு வெளியிடுங்கள். பொதுமக்கள் கொண்டுவந்து கொடுத்தால் எந்த மேசையில் வாங்குவார்கள், கட்டணம் எவ்வளவு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அந்த ஆசிரியை அன்று டப்பா வாங்கவில்லை. பில்லின் பின்னால் எழுதிய கணக்கை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு கண்மட்டத் தட்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். ரெப் பெரும்பாலானவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டார். நான்கு டப்பா மட்டும், மூன்று கம்பெனியுடையவை, முத்திரை உடையாமல் என்னிடம் இருக்கின்றன. வாங்கிய பில்லும் பேட்ச் எண்ணும் பத்திரமாக உண்டு. சித்தி மகளின் பொடியில் பாதியும் காற்றுப் புகாத டப்பியில் இருக்கிறது. எந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள், கட்டணத்தை நானே கட்டி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்
திண்டுக்கல்